பேச ஆளில்லாத சீனம்

சீன மொழி படிக்க அரசாங்கச் செலவில் பீக்கிங் போகிறேன் என்று சொன்னதும் அப்பா ஒன்றுதான் கேட்டார். “அங்கே சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவே?”

ஐம்பதுகளின் நடுவில், இரண்டு நாடுகளும் அண்ணன் தம்பி என்று மேடைகளில் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்குக் கல்லூரி முடிந்திருந்தது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியைச் சுற்றிச் சுற்றி அலுத்துப் போயிருந்தேன். சோறு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று கிளம்பிவிட்டேன்.

பீக்கிங் விடுதியில் ஹூபெய் மாநிலத்துக்காரன் ஒருவனை என் அறையில் தங்கவைத்தார்கள். அவனுக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. அதற்காகவே அவனைப் போட்டிருந்தார்கள். முதல் சில மாதங்கள் ஊமையைப் போல இருந்தேன். சீனத்தில் வாங்குவதும் விற்பதும் காதுக்கு ஏறக்குறைய ஒரே சொல்தான். குரலைத் தாழ்த்தி எடுத்தால் வாங்குவது, மேலிருந்து இறக்கினால் விற்பது. நான் கடையில் போய் சோப்பு கேட்டபோது, “எத்தனை கொண்டுவந்திருக்கிறாய்?” என்றார் கடைக்காரர். கூட வந்த அறைத் தோழன் நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவனோடு ஜன்னலைத் திறந்து வைப்பது பற்றிச் சண்டை வந்தது. பாதிச் சண்டையில்தான் கவனித்தேன், மனதுக்குள் தமிழில் யோசிக்காமலே கத்திக்கொண்டிருக்கிறேன். அன்று ஜன்னலை அவன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன். அவனுடைய ஊர்ப் பேச்சின் வாடை என் நாக்கில் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆசிரியைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

படிப்பு முடிந்து திரும்பியபோது, டெல்லியிலிருந்து வேலைக்கு அழைப்பு வரும் என்றார்கள். வரவில்லை. எல்லைத் தகராறு தொடங்கியிருந்தது. திருச்சி மன்னார்புரத்தில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்தேன். தினமும் காவிரிப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கும்போது சீனத்தில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஒருநாள் ‘கொசுவலை’ என்பதற்குச் சொல் வரவில்லை. அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. வாயிலிருந்து மொழி கசிந்துகொண்டிருப்பது போல ஒரு பதற்றம். வீட்டில் உட்கார முடியாது, படுத்தால் புரளுவேன். “ஏன்டா இப்படி நிலைகொள்ளாம அலையறே?” என்பாள் அம்மா.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சீனப் பல் டாக்டர் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“எந்தப் பல்லுங்க வலிக்குது?” என்றார் நல்ல திருச்சித் தமிழில்.

நான் சீனத்தில், வலி எதுவும் இல்லை, பேசிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன்.

அவர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். “எனக்கு நேரமில்லீங்க. என் சம்சாரத்துக்குத்தான் பேச ஆளில்ல. அவகிட்ட பேசுங்க,” என்று தமிழிலேயே சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

அவர்களும் ஹூபெய்காரர்கள். என் பேச்சைக் கேட்டதும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஞாயிறு தவறாமல் போனேன். அவர் பீக்கிங்கைப் பார்த்ததே இல்லை. அவர் நாட்டின் தலைநகரத்தை நான் அவருக்கு விவரிப்பேன், அவர் தன் ஊர் ஆற்றைப் பற்றிச் சொல்லுவார்.

அறுபத்திரண்டில் போர் வந்தது. “இனிமே அந்தப் பக்கம் போகாதே,” என்றார் அப்பா. அந்த ஞாயிறு போகவில்லை. வீதியில் நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து படுத்தேன். மறுநாள் வாசலில் ஒரு இன்ஸ்பெக்டர் நின்றார்.

“நீங்க சைனாவுல படிச்சவர்தானே? கொஞ்சம் வாங்க.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஜீப் போனது தெப்பக்குளத்துக்கு. டாக்டரின் மனைவிக்குத் தமிழ் போதாது; புருஷன் மொழிபெயர்ப்பதைப் போலீஸ் ஏற்றுக்கொள்ளாது என்பதால் வெளி ஆள் வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு அப்போது நிறைமாதம்.

“சைனாக்காரங்க யாரும் இனிமே அனுமதியில்லாம ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

சொன்னேன். அந்த அம்மா, “நீ இப்போது அவர்களுடைய ஆளா?” என்று கேட்டார்.

“இல்லை. அவர்கள் சொல்வதை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். நீங்கள் சொல்வதையும் சொல்வேன்.”

பிரசவத்துக்கு மெட்ராஸில் இருக்கும் அக்காவிடம் போக வேண்டும் என்றார். அதைச் சொல்லிவிட்டு, இங்கே அவங்களுக்கு வேற பெண் துணை இல்லைங்க என்று நானாகவும் சேர்த்துச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அவர் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். “எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. நானே மேலே அனுப்பறேன்.”

அனுமதி கிடைத்து, குடும்பமே மெட்ராஸ் போனது. திரும்பவில்லை. ஏற்கெனவே நோயாளிகள் வருவது நின்றுபோயிருந்தது.

சில மாதங்களில் எனக்கு டெல்லியிலிருந்து அழைப்பு வந்தது. சீன வானொலியைக் கேட்டு மொழிபெயர்க்கிற வேலை. போகிற வழியில் மெட்ராஸில் இறங்கி விசாரித்து அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். பெண் குழந்தை. உற்சாகமாகச் சீனத்தில் நலம் விசாரித்தேன். அந்த அம்மா பக்கத்துச் சுவரைக் காட்டி, கையமர்த்தினார்.

“தமிழ்ல பேசுங்க. அங்க ஆளு கேக்கும்,” என்றார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி.

தமிழில் எங்களுக்கு அதிகம் பேச வரவில்லை. காப்பி கொடுத்தார். குழந்தை நன்றாக இருக்கிறது என்றேன். வெயில் ஜாஸ்தி என்றார். டாக்டர் வெளியே போயிருந்தார். அவருக்காகக் காத்திருக்க முடியாமல் ரயிலுக்கு நேரத்தோடு எழுந்துவிட்டேன்.