மாலைக்கு மேல் ஒரு பட்டை

எண்பதுகளின் தொடக்கம். ஈஸ்டர் கழிந்து, ஊரில் கல்யாணங்கள் மறுபடி ஆரம்பித்திருந்த மாதம். பாகூர் பக்கம் செலியமேட்டிலிருந்து வில்லியனூருக்குக் காரில் வந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. அன்று என் தங்கையின் கல்யாணம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. முன்னுக்குப் பின் குழம்பாமல் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஒதியம்பட்டில். அப்பா இல்லை. கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு திரும்பி வந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்பார்கள். மாமா வரும்போது கப்பலில் ஒரு காரையும் கொண்டுவந்துவிட்டார். வெளிர்நீலக் கார், ஸ்டியரிங் இடது பக்கம். வில்லியனூர் கடைத்தெருவில் அது நின்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். அதன் முன்சீட்டு இரண்டிலும் தோளிலிருந்து இடுப்புக்கு வரும் கறுப்புப் பட்டை ஒன்று தொங்கும். சீட் பெல்ட் என்ற பெயரே அப்போது எங்களுக்குப் பழக்கமில்லை. பட்டை என்றுதான் சொல்வோம்.

மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரும் முறைக்கு அந்தக் காரில்தான் செலியமேட்டுக்குப் போனோம். மாமா ஓட்ட, நான் பெண்ணின் அண்ணன் என்ற முறையில் கூடப் போனேன். அங்கே போய் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என் கையால் மாலை போட்டு, தாம்பூலத் தட்டைக் கொடுத்து, அவரை முன்சீட்டில் உட்கார வைத்து வில்லியனூர் மாதா கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்க வேண்டும். அதுவரை அவர் மாலையைக் கழற்றக் கூடாது. நடுவழியில் கழற்றினால் மனக்குறை என்று அர்த்தம்.

சம்பந்தி நல்ல உயரம், வெள்ளைவெளேர் என்று கதர்ச் சட்டை. எங்கள் ஊர்களைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், அவன் போக வேண்டும் என்று கொடி பிடித்தவர். போலீசிடம் அடி வாங்கி, எல்லை தாண்டிக் கடலூர் பக்கம் ஒளிந்திருந்தவர். அதே வருடங்களில் எங்கள் மாமா அதே பிரெஞ்சுக்காரனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு எங்கோ தூரதேசத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் பேசி முடித்த நாளிலிருந்து இருவரும் அந்தப் பழைய கதையை மட்டும் தொடாமல் பக்குவமாகப் பழகிவந்தார்கள்.

மாலை போட்டாயிற்று. பேண்டு முழங்குகிறது, வெடி வெடிக்கிறது. மாப்பிள்ளையும் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். சம்பந்தி தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் கம்பீரமாக உட்கார்ந்தார். மாமா தன் பட்டையை மாட்டிக்கொண்டு, சாவியைத் திருகாமல் அவர் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, அந்தப் பட்டைய இப்படி இஸ்து மாட்டிக்குங்க."

"இன்னாத்துக்கு?"

"கட்டிக்கணும். சட்டம்."

"யாரு சட்டம்?"

மாமா கொஞ்சம் யோசித்திருக்கலாம். "பிரான்சு சட்டம். முன்னாடி உக்கார்றவன் கட்டலன்னா போலீசு புடிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

சம்பந்தி தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் காரை விட்டு இறங்கினார். பேண்டுக்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டார்கள்.

"சொல்தா, அந்தப் போலீசு அடிச்ச அடி இன்னும் என் முதுகுல இருக்கு. அவனும் வாணாம், அவன் சட்டமும் வாணாம்னுதான் கப்பல் ஏத்தி அனுப்பினோம். நீ அதைத் திரும்பக் கப்பல்ல ஏத்திகினு வந்துட்டியா?"

மாப்பிள்ளையின் அத்தை வாய்த்துடுக்கானவர். அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. "ஏம்பா, வுழுந்துடப் போறாருன்னு கட்றீங்களா, ஓடிடப் போறாருன்னு கட்றீங்களா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது. "சந்தைக்குப் போற ஆட்டுக்குக்கூட காலைத்தான்பா கட்டுவாங்க, கழுத்துல மாலைய போட்டு மாரையா கட்டுவாங்க!" என்று எவனோ ஒருவன் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். சிரிப்பு கூடக்கூட, சம்பந்தியின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"பின்னாடி உக்கார்ற என் பையனுக்கு இல்லாத சட்டம் எனக்கு மட்டும் எதுக்கு?" என்றார்.

"பின்னாடி பட்டை வெக்கல சம்பந்தி."

"அப்ப என்னையும் பின்னாடி ஏத்து."

சொன்ன வேகத்தில் அவரே தலையை ஆட்டினார். "வாணாம். பையனைப் பெத்தவனைப் பின்னாடி தள்ளி இஸ்துகினு போனாங்கன்னு ஊரு பேசும். முன்னாடிதான் உக்காருவேன். கட்டிக்க மாட்டேன். உயிரு என்னுது, போனா..."

"அடச்சீ, வாய கழுவு!" என்று அத்தை பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். "நல்ல நாளும் அதுவுமா, பொறப்படற நேரத்துல இன்னா பேச்சு இது!"

மாமாவும் இறங்கி வரவில்லை. "கட்டாம முன்னாடி உக்காந்தா வண்டி நகராது" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் காதருகே குனிந்து, "மாமா, ஒரு நாள்தானே, வுட்டுடுங்க" என்று கெஞ்சினேன். "முடியாதுடா" என்றார். அவர் விரல்கள் நடுங்கின. கோபத்தில் நடுங்குகின்றன என்று நினைத்தேன்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அங்கே தங்கை முக்காடு போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள். பங்குச்சாமியார் நேர விஷயத்தில் கறார். எங்களுக்கு அடுத்தபடியாக இன்னொரு கல்யாணம் வேறு இருக்கிறது. அப்பா இல்லாத பெண்ணின் கல்யாணம் ஒரு பட்டையால் நின்றது என்று காலத்துக்கும் சொல்வார்கள். இறங்கிப் போய் சம்பந்தி முன்னால் நின்றேன்.

"நீ சொல்லுபா, நான் கட்டிக்கலன்னா கண்ணாலம் நின்னுடுமா?" என்று கேட்டார்.

"நின்னாலும் நிக்கும்ங்க. எங்க மாமாவும் எறங்க மாட்டாரு, நீங்களும் ஏற மாட்டீங்க. நான் மாப்பிள்ளைய சைக்கிள்ல வெச்சிதான் மிதிக்கணும்."

சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அந்த யோசனை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் மீசை துடித்தது, பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"சரி. எவனும் என்னைக் கட்டக் கூடாது. நானே கட்டிக்கிறேன். அதும் சட்டத்துக்காக இல்ல, பொண்ணு வூட்டாருக்காக. எல்லாரும் கேட்டுக்குங்க!"

ஏறி உட்கார்ந்து, மாலைக்கு மேல் பட்டையை இழுத்து, கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டார். சம்பங்கிப் பூ நசுங்கி மணம் கார் முழுக்கப் பரவியது. கழற்றும் விதத்தைச் சொல்ல மாமா வாயெடுத்தார். "நீ வாயத் தொறக்காத, வண்டிய ஓட்டு" என்றார் சம்பந்தி. மறுபடியும் பேண்டு, மறுபடியும் வெடி. கார் கிளம்பியபோது என் உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

பாகூர் தாண்டி, வாய்க்காலை ஒட்டிப் போகும் ரோடு. அது உளுந்து அறுப்புக் காலம். எங்கள் ஊர்களில் அறுத்த செடியை அப்படியே ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும். காய்ந்த உளுந்துச் செடியின் மேல் டயர் எப்படி வழுக்கும் என்பது மாட்டு வண்டிக்காரனுக்கும் பஸ் டிரைவருக்கும் தெரியும். வெளிநாட்டில் வண்டி ஓட்டிப் பழகிய எங்கள் மாமாவுக்குத் தெரியாது.

ஒரு திருப்பம். திரும்பியதும் ரோடு முழுக்க உளுந்து. நடுவில் ஒரு பெண்மணி குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். மாமா பிரேக்கை அழுத்தினார். கார் நிற்கவில்லை. சோப்பு நுரையில் போவது போல வழுக்கிக்கொண்டு, அந்தப் பெண்மணியிடமிருந்து ஒரு முழம் விலகிக் கடந்து, கரையில் இறங்கி, வாய்க்காலின் எதிர்க் கரையில் மூக்கால் போய் முட்டியது.

நான் முன்சீட்டின் முதுகில் மோதினேன். வாயில் ரத்தம், முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. மாப்பிள்ளை என் மேல் விழுந்து நெற்றி புடைத்துக் கிடந்தார். புறப்பட்டதும் சம்பந்தியின் மடிக்கே திரும்பப் போயிருந்த தாம்பூலத் தட்டு பறந்துபோய் முன்கண்ணாடியில் மோத, கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்து கொட்டியது. தட்டு வாய்க்காலுக்குள் போய் விழுந்தது. தட்டு போன வழியில் சம்பந்தி போகவில்லை. பட்டை அவரைப் பிடித்து வைத்திருந்தது. ஆனால் தலை கவிழ்ந்திருந்தது, பேச்சு மூச்சில்லை.

"சம்பந்தி... சம்பந்தி!" மாமாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

அதற்குள் அந்தப் பெண்மணி துடைப்பத்தோடு கரைக்கு வந்துவிட்டாள். "யோவ், கண்ணு தெரியல? உளுந்து மேல எவனாச்சும் பிரேக்கு போடுவானா?"

மாமாவுக்கு ஆத்திரம். "ரோட்டு மேல எவனாச்சும் உளுந்து போடுவானா?"

"எங்க ஊரு ரோடு, நாங்க போடுவோம்! எங்க இஷ்டம்! நீ இன்னா கேக்கறது?"

முன்சீட்டில் ஏதோ குலுங்கியது. பார்த்தால், சம்பந்தி சிரிக்கிறார்! தலை நிமிராமலே, நசுங்கிய மாலைக்குள்ளிருந்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "கேட்டியா சொல்தா? இதுக்குத்தான்யா அன்னைக்கு அடி வாங்கினோம்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாமா கதவைத் திறந்துகொண்டு, முழங்கால் சேற்றில் சுற்றி ஓடிவந்து அவர் பட்டையில் கை வைத்தார்.

"கைய எடு" என்றார் சம்பந்தி. "எப்படி அவுக்கறதுன்னு சொல்லு. நானே அவுத்துக்கறேன்."

மாமா சொன்னார். அவரே கழற்றிக்கொண்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். சட்டையை விலக்கிப் பார்த்தால் மார்பில் குறுக்கே செக்கச்செவேல் என்று ஒரு கோடு. வேறு கீறல்கூட இல்லை.

உளுந்துக்காரர்கள் எங்களைத் திட்டிக்கொண்டேதான் உதவி செய்தார்கள். டிராக்டர் கொண்டுவந்து காரை மேலே இழுத்தார்கள். அது ஓடாது என்று தெரிந்ததும், "கண்ணால மாப்பிள்ளையாச்சே, ஏறுங்கய்யா" என்று டிரெய்லரில் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். துடைப்பம் பிடித்த அந்தப் பெண்மணி தன் முந்தானையை நனைத்து மாப்பிள்ளை நெற்றியில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் எங்களை விட்டாள்.

டிரெய்லரில் நின்றபடி வரும்போதுதான் மாமா பேசினார். அங்கே பட்டாளத்தில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர் காரைக்கால்காரர். ஒருநாள் இருவரும் காரில் போயிருக்கிறார்கள், ஓட்டியது மாமா. அப்போது சட்டமும் இல்லை, யாரும் பட்டை கட்டுவதும் இல்லை. முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் பிழைத்தார். பக்கத்துச் சீட்டில் இருந்தவர் கண்ணாடி வழியாக வெளியே போய்விட்டார். "அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துச் சீட்டுல யாரு உக்காந்தாலும் எனக்குக் கை நடுங்கும் சம்பந்தி" என்றார்.

சம்பந்தி மாலையை விலக்கி மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "இதை அங்கயே சொல்லியிருக்கலாம்ல? பிரான்சு, போலீசு, சட்டம்னு எதுக்குய்யா சொன்ன?" என்று கேட்டார்.

"கண்ணாலத்துக்குப் பொறப்படற வூட்டுல நின்னுகினு சாவைப் பத்தி எப்படிப் பேசறது?"

சம்பந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா. பேசியிருந்தா உன்னை வண்டியோட திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, டிரெய்லர் ஆட்டத்தில் தடுமாறிய மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். கோயில் வாசல் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

நாங்கள் போய் இறங்கிய கோலத்தைப் பார்த்துச் சாமியார் திகைத்துப்போனார். அடுத்த கல்யாணக்காரர்கள் பெருந்தன்மையாக, "நீங்க முதல்ல முடிங்க" என்று விட்டுக்கொடுத்தார்கள். புடைத்த நெற்றியோடு மாப்பிள்ளை தாலி கட்டினார். என்னைப் பார்த்த தங்கை, பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாள். அந்தக் கல்யாணப் போட்டோக்களில் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பவன் நான்தான்.

சம்பந்தி அதற்குப் பிறகும் தன் கொள்கையை விட்டுவிடவில்லை. பட்டை உள்ள கார் எது கிடைத்தாலும் முதல் வேலையாகக் கட்டிக்கொள்வார். ஆனால் ஹெல்மெட் கட்டாயம், பெல்ட் கட்டாயம் என்று யாராவது பேசினால், "கட்டிக்கறது சரி. கட்டலன்னா தண்டம் போடறது சரியில்ல. ஏன்னு சொல்லு, கேட்டுக்கறேன்" என்று வரிந்து கட்டிக்கொண்டு நிற்பார். மாமா எதிர்க்கட்சி. "ஏன்னு சொல்லிகினு இருக்கறதுக்குள்ள ஆளு போயிடுவான்யா" என்பார். பண்டிகைக்கு இரு வீடும் சேர்ந்தால் இந்த வழக்குதான் நடக்கும். கடைசிவரை தீர்ப்பு வரவில்லை.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் உடம்பு என் இஷ்டம் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்காக முதுகில் அடி வாங்கியவருக்கு அது இன்னும் கூடுதலாகவே உண்டு. ஆனாலும் ஒரு சட்டத்தைக் கேட்டதும் என்னைக் கட்டிப்போட வருகிறார்கள் என்று முதலில் எனக்குள்ளும் கோபம் எழும். அப்போது, 'உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது' என்பதை நல்ல நாளில் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒருவர், அதைத்தான் சட்டம் என்று பெயர் வைத்துச் சொல்கிறாரோ என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்.