ஒழுகாத சுவர்

வில்பட்டி லீலா பழைய வீடுகளை வாங்கிச் சரிபண்ணி விற்கத் தொடங்கிப் பதினோரு வருஷமாகிறது. அதற்கு முன் கொடைக்கானல் பங்களாக்களைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்த மூலையில் பூசணம் பிடிக்கும், எந்தக் கூரையில் காற்று புகும் என்பதெல்லாம் அப்போதே அவளுக்கு அத்துப்படி.

தொழிலில் சில பிடிவாதங்கள் உண்டு. பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் கூரைமேல் ஏறிப் பார்ப்பாள். வாங்க வருகிறவர்கள் ஆசைப்படுகிறார்களென்று பளிங்குத் தரை போடமாட்டாள். மார்கழியில் அதன்மேல் யார் கால் வைப்பது? எல்லாவற்றுக்கும் மேல், ஒரு ஐப்பசி மழையில் தானே அந்த வீட்டில் படுத்தெழுந்து பார்க்காமல் விற்கமாட்டாள். மே மாதச் சீசனில் எல்லா வீடும் நல்ல வீடுதான் என்பாள்.

எட்டாவது வீட்டில் அது தப்பிப்போயிற்று. மகள் பிரசவத்துக்காக மதுரையில் இரண்டு மாதம் இருக்கவேண்டி வந்தது. வேலையைத் தம்பி பழனிக்குமார் பார்த்துக்கொண்டான். அவள் திரும்பியபோது வீடு பேசி முடிந்திருந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள், புருஷன், பெண்டாட்டி சுசித்ரா, நாலு வயதுப் பெண் குழந்தை. திங்கட்கிழமை பத்திரம். அதுவரை தங்கிப் பார்க்கிறோம் என்று அவர்கள் கேட்க, இவன் சாவியையும் கொடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை காலையிலும் விடவில்லை. லீலா குடையை எடுத்துக்கொண்டு போனாள். நேராக வீட்டின் பின்புறம்.

மலையை வெட்டிய இடத்தில் மண் சரியாமலிருக்க ஒரு கருங்கல் தடுப்புச்சுவர், பன்னிரண்டடி உயரம். அதற்கும் படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவே நாலடிச் சந்து. மலைக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற, சுவரில் வரிசையாகக் குழாய்த்துண்டுகள் பதித்திருந்தார்கள். வாங்கும்போது கோடையிலும் அவை சொட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

இப்போது சுவர் முழுக்கத் தேன்நிறக் கல் டைல்ஸ். சந்துக்கு மேல் தகடு வேறு. சுவர் துடைத்துவைத்த தட்டாகக் காய்ந்திருந்தது.

"பாத்தியாக்கா? ஒரு பொட்டு ஈரம் உண்டா?" என்றான் பின்னாலேயே வந்த பழனிக்குமார்.

"குழாயெல்லாம் எங்கலே?"

"பச்சை பச்சையா அசிங்கமா வழிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. போட்டோவப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிக்கிறாங்க. அய்யம்பாளையத்து மேஸ்திரி சிமென்ட் வச்சு அடைச்சுட்டாரு. இப்பப் பாரு, மாப்பிள்ளை கணக்கா நிக்கிது!"

"மூணு நாளாப் பெய்யிற தண்ணி எங்கலே போயிருக்கும்?"

"உனக்கு ஒழுகினாலும் குத்தம், ஒழுகலைன்னாலும் குத்தம்."

லீலா சுவரோரம் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தாள். டைல்ஸ் கோடு நேராக வந்து, ஜன்னலுக்கு எதிரே மட்டும் வெளியே தள்ளியிருந்தது. ஆறு மாத வயிறு போல.

உள்ளே சுசித்ரா குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. விடிஞ்சதுலருந்து அந்தச் சுவத்துல டொக்கு டொக்குன்னு சத்தமுங்க. பாப்பா எண்ணிட்டே சாப்பிடறா."

"பதினாலு!" என்றது குழந்தை.

உள்ளிருந்து தண்ணீர் தள்ளத் தள்ள டைல்ஸ் விடுகிற சத்தம் அது என்று புரிந்து, லீலா இட்லித் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "தூக்கிட்டு வெளிய வாம்மா. வீட்டுக்காரரையும் கூப்பிடு."

"சாமானெல்லாமுங்கக்கா?"

"கெடக்கட்டும். வெரசா!"

பழனிக்குமார் அவள் காதருகே வந்து சீறினான். "நாளைக் கழிச்சுப் பத்திரம்க்கா. இப்பிடிப் பயமுறுத்துனா ஓடிருவாங்க."

"ஓடட்டும்லே. அதுக்குத்தான் சொல்றேன்."

ரோட்டுக்கு வந்ததும் சுசித்ராவிடம் மறைக்காமல் சொன்னாள். "தண்ணி போற வழிய அடைச்சது நாங்கதாம்மா. சுவரு தள்ளி நிக்கிது. இந்த வீட்டை வாங்காத." சுசித்ராவின் புருஷன் பழனிக்குமாரை ஒரு பார்வை பார்த்தான். குழந்தையைக் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான்.

பழனிக்குமார் முகம் செத்துப்போயிற்று. ஷெட்டிலிருந்து கடப்பாரையை உருவிக்கொண்டு வந்தான். "நாலு ஓட்டையத் தொறந்துவிட்டா வடிஞ்சிரும். அஞ்சு நிமிச சோலி."

லீலா கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப அதுக்கு முன்னால போயி நிக்காதலே."

"விடுக்கா. நான் பண்ணுனது, நானே தொறக்கிறேன்."

இருவரும் மழையில் நின்று இழுத்தார்கள். அவள் விடவில்லை. அப்போது பின்புறமிருந்து வீட்டுக்குள் புகுந்த செம்மண் தண்ணீர் முன்வாசல் கதவுக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் வெளிவந்து படியில் இறங்கியது. பழனிக்குமார் பிடியை விட்டான்.

கீழ்ச்சரிவில், அவர்கள் காலுக்கு நேர் கீழே, அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. லீலா கடப்பாரையைப் போட்டுவிட்டு, அந்த வீட்டாரைக் கூவிக் கூப்பிட்டபடி படிகளில் இறங்கி ஓடினாள்.