கரீம் பாய் விடாத பொத்தான்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இது என் மேசை மேலேயே நடந்தது.

அடையாறில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. தனியாக வாழ்கிறவர்களுக்காக ஓர் அவசரப் பெட்டி செய்தோம், பொத்தானை அமுக்கினால் என் போன் அடிக்கும். முதல் பெட்டியை மயிலாப்பூரில் என் பக்கத்து வீட்டு கரீம் பாயிடம் கொடுத்தேன். மூன்றாம் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, உன் பொட்டி என்னைவிட ஜாஸ்தி துன்னுது! தெனம் சார்ஜ் போட்டுக்கினே கெடக்கணுமா நானு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கருவி எத்தனை நிரல்களின் பிடியில் இருக்கிறது என்று கர்னல், அதாவது இயங்குதளத்தின் உள்கரு, எண்ணி வைத்திருக்கும். அந்த எண்ணிக்கை பூஜ்யமானால் கருவியைத் தூங்க வைத்து பேட்டரியை மிச்சம் பிடிக்கலாம். அப்படியே எழுதினேன். தூங்குகிற பெட்டியைப் பொத்தான் எழுப்பலாம் என்கிற ஒரு வரியை மட்டும் மறந்தேன். சோதித்தேன்தான், ஆனால் அவசரக்காரன், அது தூங்கும்வரை காத்திருக்காமல் டக் டக்கென்று அமுக்கிப் பார்த்துக் கொடுத்துவிட்டேன்.

"இனிமே ஒரு வாரம் தாங்கும் பாய்."

"கில்லாடிதான் நைனா நீ!"

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை குளியலறை வாசலில் விழுந்தவரை மாலையில்தான் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அமுக்கிக்கினே இருந்தேன் நைனா, விடவேல்ல," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறுநாள் போய்விட்டார்.

பெட்டி என்னிடம் திரும்பி வந்தது. அந்த வரியைச் சேர்த்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். அதே மென்பொருளில் மற்ற பெட்டிகள் தூங்குகின்றன, இது மட்டும் தூங்காமல் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. எந்த நிரலும் அதைப் பிடித்திருக்கவில்லை, எண்ணிக்கை மட்டும் ஒன்று.

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நம்பினால் நம்புங்கள், குனிந்து, "பாய், வந்துட்டேன், விடுங்க," என்றேன். எண்ணிக்கை பூஜ்யமானது. விளக்கு அணைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைப்பதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது, என் போன் அடித்தது. பெட்டியை யாரும் தொடவில்லை. தூங்க விட்டு அமுக்கிப் பார்க்கிற சோதனை, நான் அன்று செய்யாமல் விட்டதை பாய் செய்து பார்த்துவிட்டார்.

எண்ணிக்கை இன்றைக்கும் ஒன்றுதான். தினமும் சார்ஜ் போடுகிறேன்.