குடிக்காதவர்கள் மத்தியில் ஒரு ஆலோசகர்

குடிநோய் ஆலோசகர் உத்தியோகத்தில் உள்ள பெரிய இடைஞ்சல், குடிக்கிறவர் என்று ஒருவருமே அகப்படமாட்டார் என்பதுதான். வீட்டில் ஒரு ‘குடிக்காதவரை’ வைத்துக்கொண்டு அல்லாடும் வாசகர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. யுத்தம் முடிந்து சில வருடங்களில் மன்னாரில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது பட்டவற்றில் கொஞ்சம்.

முதல் கூட்டம்

தாழ்வுபாட்டுக் கடற்கரையில், வலை வைக்கிற கொட்டிலுக்குள் கதிரைகளைப் போட்டுக் காத்திருந்தேன். பெண்கள் புருசன்மாரைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். முன் கதிரைக்காரரிடம், எவ்வளவு காலமாக இந்தப் பழக்கம் என்று கேட்டேன். அவர் குடிக்கிறதில்லையாம், பக்கத்திலிருப்பவருக்குத் துணையாக வந்தவராம். பக்கத்திலிருந்தவர் அடுத்தவருக்குத் துணை. இப்படியே கடைசிக் கதிரைக்குப் போனேன். அங்கே இருந்தவர் சூசையண்ணை, ஐம்பது வயதுக் கடற்தொழிலாளி. அவர் அந்த முதல் கதிரைக்காரருக்குத் துணை!

கொட்டில் முழுக்கச் சாராய மணம், நோயாளிதான் இல்லை. நான் முழிப்பதைப் பார்த்துச் சூசையண்ணைக்கே இரக்கம் வந்துவிட்டது.

“கவலைப்படாதேங்கோ தங்கச்சி, ஆரும் குடிகாரன் வந்தால் நாங்கள் பிடிச்சுத் தாறம்.”

சத்தியம்

சூசையண்ணையின் மனைவி பிலோமினா அக்கா ஆலோசனையை நம்பவில்லை. அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கிவிட்டார். “இனி மன்னார்த் தீவுக்குள்ள சாராயத்தைத் தொடமாட்டன்” என்று அண்ணை கண்ணீரோடு சொன்னாராம். தீவு என்ற சொல் எதற்கு என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள் வேலையாக, தீவுக்கு வெளியே பெருநிலத்தில் இருக்கிற அடம்பனுக்குப் போனேன். பஸ் தரிப்பிடத்தில் தூணைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் நின்றார். சூசையண்ணை! சத்தியம் என்னவாயிற்று என்று கேட்டேன். தூணை விடாமலே நிமிர்ந்து, மரியாதையாகப் பதில் சொன்னார்.

“சத்தியத்தை மீறேல்லைத் தங்கச்சி, பாலத்தைத்தான் தாண்டினனான்.”

சுவரில் மீன்

அன்று நான் கண்டது அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். ஒருவரிடமும் சொல்லாமல் ஒரே அடியாகக் குடியை நிறுத்திவிட்டார். இதில்தான் ஆபத்து. நெடுங்காலம் கடுமையாகக் குடித்த உடம்பு திடீரென்று சாராயம் இல்லாமல் போனால் மிரண்டுவிடும். வலிப்பு வரும், உயிரே போகலாம். டொக்டரின் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். பிலோமினா அக்கா அழுதழுது போன் எடுத்தபோது அண்ணைக்கு உடம்பெல்லாம் நடுக்கம், சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். அயலவர்கள் பேய் என்று தீர்த்தம் தெளித்தார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

வார்ட்டுச் சுவரில் அவருக்குச் சூடை மீன் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தது. பிடித்துப் பிடித்துப் பக்கத்துக் கட்டிலுக்கு எறிந்தார். அந்தக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவர் கதிரவேலு ஐயா, வயல் செய்கிறவர். ஆளைக் குழப்பக்கூடாதென்று போர்வையை விரித்து, “போடுங்கோ, போடுங்கோ” என்று எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டிருந்தார். அடுத்த முறை நான் போனபோது அண்ணை அமைதியாக நித்திரை. கதிரவேலு ஐயா பெருமூச்சு விட்டார்.

“நல்ல மீன்பாடு பிள்ளை, டொக்டர் ஊசி போட்டதோட ஒண்டையும் காணேல்லை.”

மனைவியின் முறைப்பாடு

சில மாதங்கள் நன்றாகப் போயின. பிலோமினா அக்கா என்னைத் தேடி வந்தார். சந்தோசச் செய்திதான் என்று நினைத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவரோ மூக்கைச் சிந்தினார்.

இருபது வருடமாக வீட்டில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் இருந்த மனிசன் இப்போது எல்லாவற்றையும் பார்க்கிறாராம். உப்புப் போத்தல் ஏன் இந்தத் தட்டில்? கோழி ஏன் மெலிஞ்சு போச்சு? மகள் ஆரோடு போனில் கதைக்கிறாள்? ஒருவர் குடியை விட்டால் வீடே புதிதாகப் பழக வேண்டும். அது உண்மையில் கஷ்டமான காலம். இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைப்போம் என்றேன். அக்கா தலையில் கை வைத்தார்.

“இன்னும் கதைக்கிறதோ! கதையை நிப்பாட்ட மருந்து இருந்தால் தாங்கோ பிள்ளை.”

சறுக்கல்

முள்ளிக்குளத்தில் சொந்தத்தில் ஒரு கலியாணம். “ஒரு சொட்டு” என்று மச்சான்மார் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அண்ணை விழுந்துவிட்டார். செய்தி கேட்டபோது, பட்ட பாடெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயமாகப் போயிற்றே என்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை நான் வேலை செய்யும் கந்தோர் வாசலில் அவரே நின்றார். சேட்டுப் பொத்தான்கள் மாறிக் கிடந்தன. மணம் அவருக்கு முன்னாலேயே வந்து கதிரையில் இருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அவர் தொடவில்லை. ஆனால் அன்று அது எனக்குத் தெரியாதே! ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். அண்ணை கையைக் காட்டி மறித்தார்.

“முந்தியெண்டால் விழுந்து ஒரு மாசத்துக்குப் பிறகுதான் அழுவன். இந்தமுறை நேற்று விழுந்து இண்டைக்கே வந்திட்டன், பாருங்கோ, உங்கட வைத்தியம் வேலை செய்யுது!”

இத்தனை பேரைக் குடியிலிருந்து மீட்கப் போன இடமெல்லாம் மறுக்கமுடியாமல் வாங்கிக் குடித்த சீனித் தேத்தண்ணி இல்லாவிட்டால் இப்போது எனக்குத் தலை இடிக்கிறது. கேட்டால், நான் சும்மா துணைக்குத்தான் குடிக்கிறனான்.