சாவிக்காரரும் கழுத்துக் குழாயும்

என் வீட்டுக்காரருக்குப் பூட்டுத் திறக்கிற தொழில். கடைத்தெருவில் சாவிக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். பூட்டைத் தவிர எதையும் நம்பாத மனுஷன். நான் நீட்டுகிற மாத்திரையைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

சிறுநீரகம் கைவிட்டதும் கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதன் வழியாகத்தான் ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். அன்றைக்கு நர்ஸம்மா சிரிஞ்சை மாட்டி இழுத்தார். ஒரு சொட்டு வரவில்லை.

"அடைச்சிருக்கே. போன தடவை லாக் போட்டாங்களா?"

"போட்டாங்க" என்றார் இவர், பட்டென்று. எனக்குப் பொறி தட்டியது. எதிர்க்கேள்வி கேட்காமல் இவர் யாருக்கும் பதில் சொன்னதே கிடையாது.

"கட்டியைக் கரைக்கிற மருந்தைக் குழாய்க்குள்ள விடுறேன். கொஞ்ச நேரம் இருக்கட்டும். வலது பக்கம் ஏற்கெனவே கெட்டுப்போச்சு. இதுவும் திறக்கலேன்னா தொடையிலதான் குழாய் வைக்கணும்."

அவர் நகர்ந்ததும் இவர் கிசுகிசுத்தார். "போன தடவை வந்த அந்தப் பொண்ணு வேணும்னே ஏதோ பண்ணியிருக்குடி."

"நீங்க என்ன பண்ணீங்க? அதை முதல்ல சொல்லுங்க."

மென்று விழுங்கினார். போன தடவை முடிகிற நேரம், ஒரு நர்ஸை அவசரமாக யாரோ கூப்பிட்டார்களாம். அவருக்குப் பதிலாக வந்த பெண் "லாக் போட்டாச்சா?" என்றாளாம். போடாமலே இவர் ஆச்சு என்று தலையாட்டிவிட்டாராம்.

"குழாயைப் பூட்டுறாங்கன்னு நினைச்சேன்டி. பூட்டிட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டா, அவசரத்துக்கு யாரு திறக்கிறது?"

தலையில் அடித்துக்கொண்டேன். ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் நிரப்பி வைக்கிற மருந்துக்குத்தான் இங்கே லாக் என்று பேர். ஓடிப்போய் நர்ஸம்மாவிடம் சொன்னேன். கோபத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது.

"இவர் சொன்னாருன்னு விட்டது எங்க தப்புதான்" என்று முணுமுணுத்தபடி மறுபடி இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்து இழுத்தார். கறுப்பாக ஒரு துணுக்கு வந்தது. பிறகு ரத்தம் தடையில்லாமல் ஓடி வந்தது. என் வயிற்றில் பால் வார்த்தது.

மெஷின் ஓடத் தொடங்கியதும் தண்ணீர் குடிக்க எழுந்தேன். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதே. முடியுற நேரத்துல அவங்க எது கேட்டாலும் நீயே பதில் சொல்லு."

"ஏன், இன்னும் அந்தப் பொண்ணு மேல சந்தேகமா?"

"இல்லடி. என் மேலதான்."