கருடன் வட்டமிட்ட காலை

எங்கள் பக்கம் கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றுமுன் எல்லாரும் வானத்தைத்தான் பார்ப்போம். கருடன் வந்து வட்டமிட்டால்தான் மனசு நிறையும். வலங்கைமான் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நான், கருடனைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் இருந்ததே இல்லை. அந்த ஒரு காலையைத் தவிர.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், ஹெலிகாப்டர் ஓட்டப் பழகப் போகிறேன் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள்.

"ஸ்கூட்டி போதாதாடி?" என்றாள் என் மனைவி.

"ஸ்கூட்டிக்கும் இதேதாம்மா சொன்ன, சைக்கிள் போதாதான்னு."

தஞ்சாவூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு தனியார் மைதானம். முதல் பாடத்துக்கு நாங்களும் போனோம். சக்கரத்துக்கு அடியில் வைக்க மனைவி எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள். போய்ப் பார்த்தால் சக்கரமே இல்லை. கால் மாதிரி இரண்டு இரும்புக் கம்பிதான். பழம் பைக்குள்ளேயே கிடந்தது. அதுவே எனக்கு என்னவோ போல இருந்தது.

சொல்லிக்கொடுப்பவர் பட்டாளத்தில் ஓட்டியவர். "மேல போய் நின்னுபோச்சுன்னா என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"இஞ்சின் நின்னாலும் இறக்கிடலாம் ஐயா. பறவை மோதினாத்தான் வம்பு. கண்ணாடிய உடைச்சுக்கிட்டு உள்ள வந்துரும்" என்று சிரித்தார்.

மகள் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கையசைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயலில் அறுவடை மெஷினை எடுத்தார்கள். சம்பா அறுக்கும்போது எலியும் வெட்டுக்கிளியும் சிதறி ஓடும். அதன் பின்னாலேயே யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்போது தோன்றவில்லை.

ஹெலிகாப்டர் ஆள் உயரத்தில் தூளி மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. பிறகு மேலே ஏறியது.

"ஏங்க, அங்க பாருங்க!"

செம்மண் நிறச் சிறகு, வெள்ளை நெஞ்சு. முதலில் ஒன்று. அப்புறம் நாலைந்து.

"பெருமாளே வந்துட்டாருங்க. நம்ம புள்ளைக்கு ஒரு குறையும் வராது. கும்பிடுங்க." கன்னத்தில் போட்டுக்கொண்ட அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

என் கை நெஞ்சு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கருடனும் என் பெண்ணும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். மனைவியிடம் எப்படிச் சொல்வேன்? பெருமாளே, உன் வாகனத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று உள்ளுக்குள் கதறினேன். வா என்றே வேண்டிப் பழகிய வாய்.

ஹெலிகாப்டர் சட்டென்று ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"எவ்வளவு அழகா திருப்புறா பாருங்க!"

தென்னை வரிசைக்குப் பின்னால் அது மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து இறங்கியதும் மகள் ஓடி வந்தாள். "அப்பா, கருடனைப் பாத்தீங்களா? அதோட கண்ணே தெரிஞ்சுதுப்பா, அவ்வளவு பக்கத்துல!" அவள் அம்மா நெட்டி முறித்தாள்.

விசிறி நின்ற பிறகும் சொல்லிக்கொடுப்பவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "இங்க அறுப்பு எப்ப ஐயா முடியும்?"

"இது முடிஞ்சா அடுத்த வயலுங்க. மாசி முழுக்க அறுப்புத்தான்."

பின்னால் மகள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அடுத்த பாடம் வியாழக்கிழமை என்று.

"கருட தரிசனத்துக்கு நல்ல நாளுடி" என்றாள் என் மனைவி.