ஏழாம் மாடியில் மூன்று பிள்ளைகளும் கீழ்வீட்டுப் புகாரும்

என் மனைவி கும்பிடும் அந்தோணியார் மேல் ஆணை, நான் கும்பிடும் மாரியம்மன் மேல் ஆணை, முப்பது வருஷம் நான் கிரேன் ஓட்டிய தஞ்சோங் பகார் துறைமுகத்தின் மேல் ஆணை: இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது! நம்பாதவர்கள் என் மனைவி பிலோமினாவைக் கேட்கலாம். "பாதி பொய்" என்பாள். எந்தப் பாதி என்று கேளுங்கள், அவளுக்கே சொல்லத் தெரியாது.

துறைமுகத்தில் சரக்கை இறக்கிவைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். பிள்ளை பார்க்கிற தொழிலில் சரக்கு எழுந்து ஓடும், பின்னால் நாமும் ஓடவேண்டும். பிள்ளை பார்த்து இடுப்பொடிந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதிலும் எங்களிடம் வந்த பிள்ளைகள் கொஞ்சம் வேறு தினுசு. மற்றவர்கள் ஓடுகிற வயதில் ஒருத்தி அப்போதுதான் நடப்பாள், மற்றவர்கள் பாட்டுப் பாடுகிற வயதில் ஒருவன் வாயே திறக்கமாட்டான். எழுபதுகளின் கடைசியில் அதற்கெல்லாம் என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாது. பாலர் பள்ளியில் எடுக்கமாட்டேன் என்பார்கள். பெற்றவள் வேலைக்குப் போயாக வேண்டும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஏழாம் மாடியில் எங்கள் வீடு இருந்தது. நாங்கள் தொழில் தொடங்கிய கதை அவ்வளவுதான்.

ஒரே ஒரு நாள்

முதலில் வந்தவன் கோபி. ஐந்து வயது. அவன் அம்மா சரோஜா எங்கள் மாடியிலேயே நாலு கதவு தள்ளி இருந்தாள். புருஷன் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒருமுறை முகம் காட்டுவார். இவளுக்கு பூன் லே பக்கம் ரேடியோ பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. மூன்றாவது பாலர் பள்ளியும் கோபியைத் திருப்பி அனுப்பிய மறுநாள் காலை, தொழிற்சாலை பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, பிள்ளையை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பார்த்துக்குங்கக்கா, நாளைக்கு வேற வழி பண்ணிடறேன்" என்றாள். அந்த ஒரு நாள் எட்டு வருஷம் நடந்தது.

கோபி பேசமாட்டான். யார் முகத்தையும் பார்க்கவும் மாட்டான். நான்தான் கதை சொல்வதில் மன்னனாயிற்றே, இவனைச் சிரிக்கவைக்காமல் விடுவதில்லை என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் கிரேன் கொக்கியில் ஒரு திமிங்கிலம் மாட்டியதையும், அதன் வயிற்றுக்குள் ஒரு டச்சுக்காரர் சுருட்டுப் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்ததையும், வாலில் தொடங்கித் தலைவரை ஒரு மணி நேரம் சொன்னேன். கோபி மேசை விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். கதை முடிந்ததும் எழுந்து போய், விசிறிக்கு இன்னும் நெருக்கமாக உட்கார்ந்துகொண்டான். அடுப்படியிலிருந்து பிலோ சொன்னாள்: "உங்க கதையைக் காதுல வாங்காம எப்படித் தப்பிக்கிறதுன்னு தெரியாம முப்பது வருஷமா நான் தவிக்கிறேன். பையன் வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டான்."

இட்லிக்குள் கடத்தல்

இரண்டாவது, ரஹீம். நாலு வயது. அவன் அப்பா ஜமால் டாக்சி ஓட்டுகிறவர். ரஹீமுக்குச் சாப்பாடு வெள்ளையாக இருக்கவேண்டும். சோறு, இட்லி, ரொட்டியின் நடுப்பகுதி, முட்டையின் வெள்ளை. இவை தவிர மற்றதெல்லாம் அவனுக்குச் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. இட்லியின் ஓரத்தில் ஒரு சொட்டு சாம்பார் பட்டாலும் தட்டோடு என் பக்கம் தள்ளிவிடுவான். முதல் மாதத்தில் நான் மூன்று கிலோ ஏறினேன்.

பிள்ளைக்குக் காய்கறி போகவேண்டாமா? கேரட்டைப் பொடிசாகத் துருவி, இட்லி மாவுக்கு நடுவில் புதைத்து வேகவைத்தேன். வெளியே பார்த்தால் பௌர்ணமி நிலா. துறைமுகத்தில் எத்தனை கள்ளச்சரக்கு பார்த்தவன் நான், எங்கே ஒளிப்பது என்று எனக்குத் தெரியாதா? ரஹீம் இட்லியைக் கையில் எடுத்தான். எடை பார்த்தான். காதோரம் வைத்துக் கேட்டான், இது சத்தியம். பிறகு சரியாக நடுவில் பிட்டு, கேரட்டை இழை இழையாக உருவி, பதினேழு இழையையும் என் சட்டைப் பையில் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் தின்றான். சாயங்காலம் ஜமாலிடம் என் பையைத் திறந்து காட்டினேன். மனிதர் வெட்கப்படுவார் என்று பார்த்தால், மகன் தலையைப் பெருமையாகத் தடவினார். "சுங்கத்துறையில இவனுக்கு இப்பவே ஒரு நாற்காலி பிடிச்சு வைக்கணும் லா, மாமா."

சிரிக்காத மீன்காரர்

மூன்றாவது, மெய் லிங். மூன்று வயது முடிந்தபிறகுதான் நடக்கத் தொடங்கினாள். இவள் எல்லாவற்றையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள் என்று டாக்டர் அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தார். டாக்டரை அவள் கட்டிப்பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதில் அவளுக்கு மெதுவே கிடையாது. தபால்காரர், லிப்ட் ரிப்பேர்காரர், வழி தெரியாமல் மாடி மாறி வந்தவர், யாராக இருந்தாலும் முழங்காலைக் கட்டிக்கொள்வாள்.

தேக்கா சந்தையில் ஒரு சீன மீன்காரர் இருந்தார். ஜப்பான்காரன் சரணடைந்த அன்றுதான் அவர் கடைசியாகச் சிரித்தார் என்று பேச்சு. மீனை அமுக்கிப் பார்த்தால் கத்தியைத் தூக்கிக் காட்டுவார். ஒரு நாள் நான் வாவல் மீன் வாங்கக் குனிந்த நேரத்தில், மெய் லிங் பலகையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் அவருடைய ரப்பர் பூட்ஸைக் கட்டிக்கொண்டாள். சந்தையே மூச்சைப் பிடித்தது. ஐஸ்கட்டி உருகுவதை நிறுத்திவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். கால் அசைந்தால் பிள்ளை விழுந்துவிடுமென்று அப்படியே நின்றார். அரைமணி நேரம் நின்றார்! வாங்க வந்தவர்களெல்லாம் அவர் கத்தியை வாங்கி அவரவர் மீனுக்கு அவரவரே செதில் சீவிக்கொண்டார்கள். கடைசியில் அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தபோது, வாயோரம் லேசாக ஒரு கோணல் தெரிந்தது. மலாயில் சொன்னார்: "நாளைக்கும் கூட்டிட்டு வா. நீ வராட்டியும் பரவாயில்லை, யார்கிட்டேயாவது கொடுத்தனுப்பு."

துடைப்பத் தந்தி

எங்களுக்கு நேர் கீழே ஆறாம் மாடியில் லிம் ஆன்ட்டி. விடியுமுன்னே எழுந்துபோய்ச் சந்தையில் கஞ்சி விற்கிறவர். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரைதான் அவருக்கு ராத்திரி. அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் வீட்டில் தேர்த்திருவிழா. நியாயம் அவர் பக்கம், ஒப்புக்கொள்கிறேன். துடைப்பக் கட்டையால் மேலே மூன்று தட்டுத் தட்டுவார். யாரோ விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்று மெய் லிங் மூன்று மிதி மிதிப்பாள். கீழே ஐந்து, மேலே ஐந்து. ஒரு நாள் இப்படியே நாற்பதுவரை போனது. மெதுவாகக் கற்பவளுக்கு எண்ணிக்கை வந்ததே அப்படித்தான். லிம் ஆன்ட்டிக்கு நாங்கள் தட்சிணை கொடுத்திருக்கவேண்டும்.

பிறகு துடைப்பம் நின்றது, கடிதம் வந்தது. குடியிருப்பு ஆபீசிலிருந்து. எங்கள் வீட்டுச் சத்தத்தில் கீழ்வீட்டாருக்குப் பகலில் தூக்கமே இல்லை என்று புகார். அதிகாரி வந்து பார்ப்பார். புகார் உண்மையானால் இனி வெளிப்பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது. கோபியை எடுக்க வேறு யாரும் இல்லை. சரோஜா வேலையை விடவேண்டியதுதான். அவள் கடிதத்தை இரண்டு தரம் படித்து, மடித்து, பிலோ கையில் கொடுத்தாள். "மத்த இடத்துலயெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போவேன்க்கா. இந்த வாசல்ல விட்டாத்தான் நேரா நடந்து போய் பஸ் ஏறுறேன்."

மௌன ஒத்திகை

அதிகாரி வர இன்னும் பத்து நாள். சத்தத்தை ஒழிக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். தெரிந்த சரக்குக் கிட்டங்கியிலிருந்து அரிசிச் சாக்குகளைக் கொண்டுவந்து தரையெல்லாம் விரித்தேன். நாற்காலிக் கால்களுக்குப் பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டினேன். கதவுக் கீலுக்கு ஊற்றிய எண்ணெயில் ஒரு வாரம் வடை சுட்டிருக்கலாம். பிள்ளைகள் வாய் திறக்குமுன்பே "உஷ்ஷ்ஷ்!" என்று பாய்ந்தேன்.

என் சாதனையை அளந்து பார்க்கச் சொன்னேன். பிலோ பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் நாலு பேர் பெயரையும் எழுதி, ஒன்றிலிருந்து நாலு வரை யார் சத்தம் போட்டாலும் ஒரு கோடு இழுத்தாள். நாலு மணிக்கு எண்ணினோம். கோபி இரண்டு, ரஹீம் ஒன்று, மெய் லிங் ஆறு, நான் நாற்பத்து மூன்று. நான் "உஷ்" என்றதையெல்லாம்கூடச் சத்தத்தில் சேர்த்திருக்கிறாள். இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன்? அவள் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆபீசர் வர்ற அன்னைக்குப் பிள்ளைங்க இருக்கட்டும். உங்களைத்தான் யார் வீட்டிலயாவது விட்டுட்டு வரணும்."

அதிகாரியின் சப்பாத்து

என்னை எடுத்துக்கொள்ளவும் யாரும் முன்வராததால் அன்றைக்கு நானும் வீட்டில்தான் இருந்தேன். மத்தியானம் இரண்டு மணி. எங்கள் மாடியில் லிப்ட் நிற்காது, ஐந்தாம் மாடியில் இறங்கி ஏறிவர வேண்டும். பாலன் என்கிற அந்த இளம் அதிகாரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார், ஏதோ எழுதினார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அரைமணியில் எழுந்து வாசலுக்குப் போனவர் அங்கேயே நின்றார். கோபி ஒரு பழக்கம் வைத்திருந்தான். வாசலில் யார் கழற்றிப் போட்டாலும் அளவு பார்த்து வரிசை கட்டுவான்: சின்னது முதலில், பெரியது கடைசியில். ஆட்களும் அதே வரிசையில்தான் போகவேண்டும். மெய் லிங் போவாள், ரஹீம் போவான், அப்புறம் கோபியின் அம்மா வருவாள். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அதுதான் மணி. முறை தவறி ஒன்று போய்விட்டால் அம்மா வரமாட்டாள் என்று பயந்துவிடுவான். அந்த அழுகை கடல் தாண்டி ஜொகூர்வரை கேட்கும். பாலனுடையது பத்தாம் நம்பர் சப்பாத்து. கடைசி இடம்.

அவர் குனிந்து கை வைத்தார். கோபியின் உதடு பிதுங்கியது. பிலோ ஓடிவந்தாள். "தம்பி, தம்பி! நீங்க எடுத்தா அவன் அழுவான். அழுதா நீங்க எழுதணும். எழுதினா நாங்க மூடணும். கொஞ்சம் உட்காருங்களேன், தேத்தண்ணி போடறேன்." பாலன் கோபியைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். மூன்று மணிக்கு லிம் ஆன்ட்டி வந்தார், தீர்ப்பு என்ன ஆயிற்று என்று கேட்க. செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா என்று மலாயில் ஒரு மூச்சுப் பொரிந்தார். பொரிந்துவிட்டுத் திரும்பினால், அவர் செருப்பு கோபியுடையதற்கு அடுத்து, நாலாவது இடத்தில். "எடுக்காதீங்க ஆன்ட்டி! உட்காருங்க!" கத்தியது நானில்லை, பிலோவும் இல்லை. பாலன்!

லிம் ஆன்ட்டி பிரம்பு நாற்காலியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெய் லிங் அவர் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் தலை சாய்த்தாள். ரஹீம் பால்டின்னைக் கரண்டியால் விளாசிக்கொண்டிருந்தான். நான் பாலனுக்குத் துறைமுகக் கதையொன்றை அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவே கப்பல் சங்கு மாதிரி ஒரு குறட்டை. பார்த்தால், லிம் ஆன்ட்டி! டின் சத்தத்துக்கு அசையவில்லை. ஐந்து மணிக்கு அம்மா வந்து மெய் லிங்கை மடியிலிருந்து தூக்கியபோதும் அசையவில்லை. அடுத்து ரஹீம் போனான். ஆறு மணிக்குச் சரோஜா மூச்சிரைக்க வந்தாள். கோபி தன் சப்பாத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அதற்குப் பிறகுதான் பாலன் பேனாவைத் திறந்தார். ஆங்கிலத்தில் எழுதியதை எங்களுக்காகத் தமிழில் மெதுவாகப் படித்துக் காட்டினார்: புகார் கொடுத்தவர், புகாருக்குள்ளான அதே வீட்டில், அதே சத்தத்துக்கு நடுவில், மூன்று மணி நேரம் அயர்ந்து தூங்குவதை நேரில் கண்டேன், நடவடிக்கை தேவையில்லை. பிலோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு, நுனிக்காலில் நடைவழியில் இறங்கினார். "போட்டுக்கிட்டு நடந்தா சத்தம் கேட்கும், அங்கிள். பாவம், ஆன்ட்டி எழுந்துடுவாங்க."

எட்டு வருஷம் மூன்று பிள்ளைகளைத் தாலாட்டியும் மத்தியானத்தில் நாங்கள் வெற்றிகரமாகத் தூங்கவைத்த ஒரே ஆள், மறுநாளிலிருந்து தலையணையோடு மேலே ஏறிவந்த லிம் ஆன்ட்டிதான்; ஆனால் அவர் இன்றைக்கும் அதே ஆறாம் மாடியில் இருந்துகொண்டு "நான் எங்கே தூங்கினேன், கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டில்ல இருந்தேன்" என்று சாதிப்பதால், ஊரெல்லாம் போய்ச் சொல்லுங்கள், சொன்ன ஆள் யாரென்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.